இரண்டு செயலாளர்களிடமும் கையெழுத்து வாங்கியவள்

எங்கள் கல்லூரியின் வழக்கு அடுப்பில் ஆரம்பித்தது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நான் ஏதோ உவமை சொல்வதாக நினைக்கிறார்கள். உவமை இல்லை. கம்பம் ரோட்டில், தென்னந்தோப்பை ஒட்டி இருக்கும் அந்தக் கல்லூரியைக் கட்டியது எங்கள் ஊர் வியாபாரிகள் சங்கம். கல்லூரிக்கு யார் செயலாளர் என்பதை மூன்று வருடத்துக்கு ஒருமுறை சங்கம் கூடித் தீர்மானிக்கும். சங்கத்தில் ஓட்டு ஆளுக்கு ஒன்று இல்லை, தலைக்கட்டுக்கு ஒன்று. தலைக்கட்டு என்றால் ஒரு குடும்பம். ஒரு குடும்பம் என்றால் ஓர் அடுப்பு. ஒரே வீட்டில் அண்ணன் தம்பி நான்கு பேர் இருந்தாலும் ஒரே உலையில் சோறு பொங்கினால் ஓர் ஓட்டுதான். அடுப்பைப் பிரித்துக்கொண்டால் நான்கு.

விதியை எழுதியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். அவர்கள் காலத்தில் அடுப்பைப் பிரிப்பதென்றால் வீட்டில் பெரிய சண்டை நடந்து, பெண்கள் அழுது, சொந்தக்காரர்கள் வந்து பேசி, அதற்கப்புறம் நடக்கிற காரியம். மண்ணெண்ணெய் ஸ்டவ் என்று ஒன்று வரும், அதைக் கையில் தூக்கிக்கொண்டு போய் எந்த அறையிலும் வைக்கலாம் என்று அவர்கள் யோசித்திருக்க முடியாது.

அந்த வருடம் செயலாளர் பதவிக்கு நின்றவர்கள் இருவர். ஒருவர் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்பவர். என் மாமியாருக்கு அண்ணன் முறை. நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். இன்னொருவர் தேனியில் பஞ்சுக் கிட்டங்கி வைத்திருப்பவர். என் மாமனாருக்குப் பங்காளி; அவரை மாமா என்பேன். போதாததற்கு இருவரும் சம்பந்திகள். ஏலக்காய்ப் பெரியப்பாவின் மகளைப் பஞ்சு மாமாவின் மகனுக்குக் கொடுத்திருந்தார்கள். நான் அந்தக் கல்லூரியில் தாவரவியல் டியூட்டர். புகுமுக வகுப்புப் பிள்ளைகளுக்கு வேர் எது, தண்டு எது என்று காட்டுவது என் வேலை. என் மகளுக்கு அப்போது ஆறு மாதம்.

தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால் பெரியப்பாவின் கார் டிரைவர் எங்கள் வீட்டுக்கு ஒரு புது ஸ்டவ்வைக் கொண்டுவந்து இறக்கினார்.

என் மாமியார் வாசலிலேயே மறித்தார். "எனக்கு இருக்கிறது ஒத்த மகன். ஒத்த மகனை வச்சுக்கிட்டு ரெண்டு அடுப்பு எரிச்சா ஊர்ல என்ன சொல்லுவாக?"

"மூணே நாளைக்கு ஆத்தா. கையத் தூக்கிட்டு வந்ததும் பழையபடி ஒண்ணாகிக்கிருங்க."

"ஒண்ணாகிக்கிருங்கன்னா? நாங்க எப்படா ரெண்டானோம்?"

ஆனாலும் அண்ணன் கொடுத்தனுப்பிய பொருள். திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. ஸ்டவ் எங்கள் அறை மூலையில் உட்கார்ந்துகொண்டது. வெறுமனே வைத்துக்கொண்டு தனி அடுப்பு என்று சொல்வது பொய்யாகிவிடுமே என்று எனக்கு ஒரே உறுத்தல். அதனால் மூன்று நாளும் காலையில் அதில் காப்பி போட்டேன். மாமியாருக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் என் கணவரிடம், "தனிக்குடித்தனம் போனதும் உம் பொண்டாட்டி காப்பி நல்லாத்தான் போடுறா" என்றார். நான் செய்தது சரியா, காப்பி போட்டிருக்கவே கூடாதா என்று அன்று முழுக்க யோசித்தேன்.

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. பஞ்சு மாமாவின் ஆட்கள் வீடு வீடாகச் செங்கல் இறக்கினார்கள். மூன்று செங்கல் போட்டால் அடுப்பு. கூட்டத்தன்று மண்டபத்தில் கைகளை எண்ணியபோது ஊரில் இருக்கிற வீடுகளைவிடத் தலைக்கட்டு அதிகமாக இருந்தது. கிழக்கு மூலையில் ஒருவருக்கு மாலை போட்டார்கள், மேற்கு மூலையில் இன்னொருவருக்கு. இரண்டு தீர்மானப் புத்தகம் எழுதப்பட்டது. மறுவாரம் உத்தமபாளையம் கோர்ட்டில் வழக்குப் பதிவானது.

கோர்ட் ஓர் இளம் வக்கீலைக் கமிஷனராக அனுப்பி அடுப்புகளைப் பார்த்து எழுதச் சொன்னது. பாவம், அவர் தெருத் தெருவாக அடுப்படிகளுக்குள் குனிந்து நுழைந்து வந்தார். எங்கள் வீட்டில் மாமியார் மோர் கொடுத்தார். கமிஷனர் ஸ்டவ்வைக் காட்டி, "இதுல தனியாச் சமைக்கிறீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"சில நாள்" என்றேன்.

அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். ஊரில் எல்லாரும் 'ஆமாம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லியிருந்தார்கள். 'சில நாள்' என்று எழுதிக்கொண்டார். அந்த இரண்டு சொல் எந்தப் பக்கத்துக்கு உதவியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு பக்கமும் வருத்தப்பட்டதாக மட்டும் கேள்விப்பட்டேன்.

வழக்கு முடியும்வரை இப்போது இருக்கிற நிலையே நீடிக்கட்டும் என்று கோர்ட் சொன்னது. இப்போது இருக்கிற நிலை என்னவென்றால் இரண்டு செயலாளர். பெரியப்பா செயலாளர் அறையில் உட்கார்ந்தார், சாவி அவரிடம் இருந்தது. மாமா விளையாட்டுச் சாமான் அறையில் மேஜை போட்டு, ஹாக்கி மட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். பியூன் இருவருக்கும் டீ கொண்டுபோனார். முதல்வர் எல்லாச் சுற்றறிக்கையையும் 'செயலாளர் அவர்களின் உத்தரவுப்படி' என்று ஆரம்பித்தார். எந்தச் செயலாளர் என்று ஒருநாளும் எழுதவில்லை. யாராவது கேட்டால் அவருக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும்.

வாய்தா நாளில் சம்பந்திகள் இருவரும் ஒரே காரில்தான் உத்தமபாளையம் போனார்கள். சம்பந்தியைப் பஸ்ஸில் போகவிட்டால் மகளைக் கொடுத்த வீட்டில் மரியாதை என்ன ஆவது? போகும்போது பேரனைப் பற்றிப் பேசுவார்களாம். கோர்ட் வாசலில் இறங்கியதும் ஆளுக்கொரு வக்கீலோடு போய்விடுவார்களாம்.

இதையெல்லாம் மற்றவர்கள் மாதிரி நானும் சிரித்துவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஜூன் மாதத்தோடு என் புரொபேஷன், அதாவது தகுதிகாண் காலம், இரண்டு வருடம் முடிகிறது. செயலாளர் கையெழுத்துப் போட்டு உத்தரவு கொடுத்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானவளுக்குத்தான் பேறுகால விடுப்பு. புரொபேஷனில் இருப்பவள் பிள்ளை பெற வேண்டுமென்றால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ப் பெற வேண்டும். என் மகள் நல்ல பெண். கோடை விடுமுறையில் பிறந்து அம்மாவின் வேலையைக் காப்பாற்றினாள். அடுத்த பிள்ளையும் அப்படிக் கல்லூரி நாள்காட்டியைப் பார்த்துப் பிறக்கும் என்று என்ன நிச்சயம்? கணவருக்கு மின்சார வாரியத்தில் வேலை, எப்போது வேண்டுமானாலும் மாற்றல் வரும். நிரந்தரமான வேலையை விட்டுவிட்டு வா என்று யாரும் சொல்லத் தயங்குவார்கள். புரொபேஷன் வேலையை அப்படி யாரும் மதிப்பதில்லை.

என்னோடு ஒரே நாளில் சேர்ந்த வேதியியல் டியூட்டர் ஒருத்தி இருந்தாள், என் தோழி. அவளுக்கும் அதே ஜூனில் முடிகிறது. "என்ன செய்யப்போறே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யப்போறதில்ல. ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு முடிக்கட்டும். நீயும் சும்மா இருடி."

"சும்மா இருந்தா மறந்துருவாகளே."

"மறந்தா நல்லதுதான்."

எனக்கு அது பொறுப்பற்ற பேச்சாகத் தெரிந்தது. அவள் வேலையில் சேர்ந்த உத்தரவையே எங்கே வைத்தாள் என்று தெரியாமல் இருப்பவள். அவள் பேச்சைக் கேட்டு என் வேலை போனால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு போடிக்குப் பஸ் ஏறினேன். பெரியப்பா வீட்டு முற்றத்தில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மகள் தும்மித் தும்மி அழுதாள்.

"என்னத்தா, கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு இம்புட்டுத் தூரம்? சொல்லி விட்டா நானே வந்திருப்பேன்ல."

"உங்க கையெழுத்து ஒண்ணு வேணும் பெரியப்பா."

"கையெழுத்தா? அதைப் போடத்தானத்தா நான் கோர்ட்டுக்கு அலையிறேன். குடு, குடு."

நான் தட்டச்சு அடித்துக் கொண்டுபோயிருந்த உத்தரவைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டு, 'செயலாளர்' என்ற முத்திரையை இரண்டு முறை குத்தினார். ஒன்று சரியாக விழவில்லையாம். கார்பன் பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது சந்தோஷம் கோடாங்கிபட்டிவரைதான் இருந்தது. அதற்கப்புறம் ஒரு நினைப்பு. வழக்கில் மாமா ஜெயித்துவிட்டால்? 'அவரிடம் போய் வாங்கினவள்தானே' என்று முதல் ஆளாக என்னைத்தான் அனுப்புவார். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். "வாங்கினது வாங்கிட்டே. பேசாம இரு" என்றார். பேசாமல் இருந்தேன், மறுநாள் சாயங்காலம்வரை.

பஞ்சு மாமா கிட்டங்கி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "அங்கன போயிட்டு வந்துட்டியாத்தா?" என்றார்.

பொய் சொல்ல வரவில்லை. "ஆமா மாமா."

"அவுக என்ன தேதி போட்டாக?"

"நேத்துத் தேதி."

"அப்ப நான் முந்தாநாத்து தேதி போடுறேன்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போட்டு, அவரும் கார்பன் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டார். "இனி உன்னை எவனும் அசைக்க முடியாது. போ, பிள்ளையப் பாரு."

இரண்டு உத்தரவையும் கல்லூரி அலுவலகத்தில் என் கோப்பில் சேர்க்கக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். கம்பம் பள்ளத்தாக்கிலேயே என்னைப்போல நிரந்தரமானவள் யாருமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாய்தாவில் பெரியப்பாவின் வக்கீல் எழுந்து, தம் கட்சிக்காரர்தான் செயலாளர் வேலையைப் பார்க்கிறார் என்பதற்கு அத்தாட்சியாக ஓர் உத்தரவின் நகலைத் தாக்கல் செய்தார். அது என் உத்தரவு. உடனே மாமாவின் வக்கீல் எழுந்து, அதற்கு முந்தைய தேதியிட்ட இன்னோர் உத்தரவைத் தாக்கல் செய்தார். அதுவும் என்னுடையதுதான். கல்லூரியில் வேறு யாருமே எந்தச் செயலாளரிடமும் போயிருக்கவில்லை. எல்லாரும் என் தோழியைப்போலவே சும்மா இருந்திருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் இருந்த ஒரே அத்தாட்சி நான்தான்.

சேதி எனக்கு முன்னால் மாமியாருக்குத் தெரிந்துவிட்டது. கடைவீதிக்குப் போய்வந்தவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "வத்தல் கடையில கேக்காக. உங்க மருமகளுக்கு எந்தப் பக்கம்னு. நான் என்னத்தச் சொல்ல? எங்க அண்ணன் பக்கமுன்னா இவுகளுக்குக் கோவம். இவுக பக்கமுன்னா எங்க அண்ணனுக்குக் கோவம். அவளுக்குப் பயந்த பக்கமுன்னு சொல்லிட்டு வந்தேன்."

அதைவிடச் சரியாக என்னை யாரும் சொன்னதில்லை.

சில மாதம் கழித்து கோர்ட் இரண்டு செயலாளர்களையும் ஒதுங்கி இருக்கச் சொல்லிவிட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நிர்வாகியாகப் போட்டது. வெளி ஜில்லாக்காரர். மெலிந்த உடம்பு, கதர்ச் சட்டை. வந்த முதல் வாரமே எல்லார் கோப்பையும் வரவழைத்துப் படித்தார். பிறகு அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார். விதிப்படி, இரண்டு வருடம் முடிந்தும் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ உத்தரவு எதுவும் பிறப்பிக்கப்படாதவர்கள் தாமாகவே நிரந்தரமானவர்களாகக் கருதப்படுவார்கள். அதில் தோழியின் பெயர் இருந்தது. பட்டியலுக்குக் கீழே தனியாக ஒரு வரி. 'பின்வருவோர் நேரில் வந்து விளக்கம் அளிக்க வேண்டும்.' பின்வருவோர் நான் ஒருத்தி மட்டும்.

தோழி என்னைப் பார்த்து ஏதாவது குத்தலாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. "ஏய், எனக்கு ஒண்ணுமே தெரியாதுடி" என்றாள், தன் மேல்தான் தப்பு என்பதுபோல.

நிர்வாகியின் முன்னால் போய் நின்றேன். உட்காரச் சொன்னார். இரண்டு உத்தரவையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுல யாரை நீங்க செயலாளர்னு நினைச்சீங்க?"

"யாரா இருந்தாலும் மரியாதைக் குறைவு ஆயிடக்கூடாதுன்னு நினைச்சேங்கய்யா."

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் அதிகாரம் உண்டா இல்லையாங்கறது வழக்கில இருக்கு. அதனால இந்த உத்தரவு செல்லும்னும் என்னால சொல்ல முடியாது, செல்லாதுன்னும் சொல்ல முடியாது. உத்தரவே இல்லைன்னா எனக்குச் சுலபம். புரியுதா?"

"புரியுதுங்கய்யா."

"கோர்ட்டுல இருக்கறது வெறும் நகல். மூலம் என்கிட்ட இருந்தாத்தான் நான் அதைப் பத்தி எழுதணும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. நிதானமாப் பாருங்க. நாளைக்கு வாங்க."

எடுத்துக்கொண்டு போனேன். நிதானமாகப் பார்த்தேன். மறுநாள் காலையில் அதிகாரி ஒருவரிடம் சான்றொப்பம் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதியோடு, மேலே ஒரு விண்ணப்பம் வைத்து, நூல் கோத்துக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன்.

நிர்வாகி அந்தக் கட்டைத் தொடவில்லை. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்குச் சின்னக் குழந்தை இருக்குன்னாங்களே. என்ன வயசு?"

"ஒண்ணரை வயசுங்கய்யா."

"கைக்கு எட்டினதை எல்லாம் கிழிக்கிற வயசு இல்லையா? எங்க பேத்தி அந்த வயசுல என் தீர்ப்பையே கிழிச்சிருக்கா. வீட்டில காகிதம் தங்குதா?"

நான் அவசரமாகச் சொன்னேன்: "அதெல்லாம் இல்லைங்கய்யா. முக்கியமான காகிதம் எல்லாம் நான் பீரோவுல வச்சுப் பூட்டிருவேன். சாவி என் இடுப்பில இருக்கும்."

"அப்படியா" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார். வழக்கு முடியும்வரை என் விஷயம் நிறுத்திவைக்கப்படுகிறது, அதுவரை புரொபேஷனிலேயே தொடர வேண்டும் என்று எழுதினார். எழுதி முடித்து, "நீங்க ரொம்ப ஒழுங்கான பொண்ணும்மா" என்றார். அப்படி ஒரு வருத்தமான குரலில் என்னை யாரும் பாராட்டியதில்லை.

வீரபாண்டி நிறுத்தத்தில் பஸ் நின்றபோதுதான் அவர் என்ன கேட்டார் என்பது எனக்கு விளங்கியது. இறங்கி எதிர்ப்பக்கம் பஸ் பிடித்துத் திரும்பிப் போகலாமா என்று எழுந்தேன். போய் என்ன சொல்வது? காலையில் சான்றொப்பத்தோடு கொடுத்த காகிதத்தைப் பகலுக்குள் குழந்தை கிழித்துவிட்டது என்றா? கண்டக்டர் "இறங்குறீகளா, இல்லையா?" என்று கேட்டார். உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குப் போனால் மகள் அன்றைய செய்தித்தாளைக் கிழித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளை ஓர் அடி வைத்தேன். அவளுக்கு எதற்கு அடி விழுந்தது என்று தெரியவில்லை. பிறகு தூக்கி வைத்துக்கொண்டு நானும் அழுதேன்.

கணவரிடம் நடந்ததைச் சொன்னபோது முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மாமியார், "அவரு நேரா 'கிழிச்சுப் போடு தாயி'ன்னு சொல்லியிருக்கலாம்ல. படிச்சவுக எதையும் நேராச் சொல்ல மாட்டாக" என்றார். என் கட்சிக்கு அவர் பேசியது அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. இரண்டாவது பிள்ளை, நான் பயந்தபடியே, நாள்காட்டியைப் பார்க்கவில்லை. ஐப்பசியில் பிறக்கப்போகிறது என்று டாக்டரம்மா சொன்னார். நிர்வாகியிடம் போனேன். விதிப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவருக்கும் விடுப்புக் கொடுக்க ஆசைதான். புரொபேஷனில் இருப்பவளுக்கு வழியில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். தோழி அதே வருடம் பிள்ளை பெற்று, விடுப்பு முடிந்து, கொஞ்சம் சதை போட்டுத் திரும்பி வந்தாள்.

கடைசியில் வழக்கு கோர்ட்டில் தீரவில்லை. சம்பந்திகளின் பேரனுக்குக் குச்சனூர்ப் பக்கம் ஒரு தோப்பில் காதுகுத்து வைத்தார்கள். தாய்வழித் தாத்தாவும் தந்தைவழித் தாத்தாவும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். இலை எடுப்பதற்குள் சமரசம் ஆகிவிட்டது. மூன்று வருடம் இவர், மூன்று வருடம் அவர். இனி அடுப்பைப் பார்க்க வேண்டாம், ரேஷன் கார்டுக்கு ஓர் ஓட்டு என்று விதியையும் மாற்றிக்கொண்டார்கள். அடுத்த மாதமே தாலுகா ஆபீசில் தனிக் கார்டு கேட்டு எங்கள் சங்கத்துக் குடும்பங்கள் வரிசையில் நின்றன.

முதல் முறை பெரியப்பாவுக்கு. அவர் வந்து ஒரு வருடம் ஆனபிறகு நான் மறுபடி வேலை கேட்டுப் போனேன். "உனக்கில்லாததாத்தா?" என்று உடனே சேர்த்துக்கொண்டார். புதுச் சேர்க்கை, புதுப் புரொபேஷன், முதலிலிருந்து இரண்டு வருடம். பழைய உத்தரவை நினைவுபடுத்தலாமா என்று வாய்வரை வந்தது. சம்பந்தி போட்ட உத்தரவில் இவருடையதற்கு ஒரு நாள் முந்தைய தேதி இருப்பதும் நினைவுக்கு வந்தது, விட்டுவிட்டேன். தோழி இப்போது எனக்கு மேலே. நான் மாணவர்களுக்குத் திருத்தும் ரெக்கார்டு நோட்டுகளில் அறிவியல் துறைகளின் பொறுப்பாளர் என்ற முறையில் அவள்தான் எதிர்க்கையெழுத்துப் போடுகிறாள்.

இந்த மாதக் கடைசியோடு அந்த இரண்டு வருடம் முடிகிறது. இப்போது செயலாளர் ஒருவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அடுத்த மாதம் பெரியப்பாவின் முறை முடிந்து மாமா வந்து உட்காருகிறார். உத்தரவு வாங்குவதென்றால் இவரிடம் இப்போதே வாங்க வேண்டும். அவர் வரும்வரை பொறுத்திருந்தால் அவரிடம் கேட்க வேண்டும். ஒன்றுமே செய்யாமல் இருந்தால் விதி பார்த்துக்கொள்ளும் என்கிறாள் தோழி. கணவரும் அதையே சொல்கிறார். மாமியார்கூட, "வாயை மூடிக்கிட்டு இந்த ஒரு மாசத்தக் கழிச்சிரு தாயி" என்கிறார்.

அவர்கள் எல்லாரும் சொல்வது சரி என்று எனக்கும் தெரிகிறது. நேற்று இரண்டாமவனைத் தூங்கப்போட்டுவிட்டு உட்கார்ந்து விண்ணப்பத்தை எழுதி முடித்தேன். நல்ல கையெழுத்தில், பிழையில்லாமல் வந்திருக்கிறது. கொடுப்பதற்காக எழுதவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.